மரவள்ளி மாவுக் கூழ்

1

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். "பினாங்கில் உங்கள் வீட்டுத் தோட்டம், அயலட்டைச் சனம், விடுமுறைப் பயணம், இப்படிச் சந்தோஷமாய் ஏதாவது எழுதுங்கோ" என்று. கடல் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் சந்தோஷமாய்த்தான் இருக்கிறார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு. இருக்கட்டும். தோட்டத்தையும் அயலையும் பயணத்தையும் பற்றியே எழுதுகிறேன். சந்தோஷம் எவ்வளவு வருமென்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

போன மாதம், பள்ளி விடுமுறைக்கு மகள் ரஞ்சியைக் கூட்டிக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் போய் வந்தேன். தங்கை இருப்பது அக்கரையில், நிபோங் திபாலுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். அவள் புருஷன் அங்கே கிளார்க். திரும்பும்போது ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சச் சொல்லி ஒரு தகரம் நிறைய வறுத்த அரிசிமா தந்துவிட்டாள். இப்போது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று வழியெல்லாம் சோதனை. பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். மலாய்ப் பொலிஸ்காரன் ஒருவன், மீசை சரியாய் முளைக்காத மரியாதையான பிள்ளை, தகரத்தைத் திறந்து "இது என்ன மாவு அம்மா?" என்று மலாயில் கேட்டான்.

நான் யோசிக்கவேயில்லை. வாய் தானாகச் சொன்னது: "ஊபி காயு." மரவள்ளி.

அவன் மூடிக் கையில் தந்துவிட்டான். அரிசிமா என்று சொல்லியிருந்தாலும் விட்டிருப்பான், பினாங்குத் தீவுக்குப் போகிற சாமானில் அவனுக்கென்ன? ஆனால் திரும்பப் பஸ்ஸில் ஏறுவதற்கு எனக்கு ரஞ்சி கை கொடுக்க வேண்டியிருந்தது.

"ஏம்மா பொய் சொன்ன? அது அரிசி மாவுதானே லா. போலிஸ்கிட்ட யாராச்சும் பொய் சொல்வாங்களா?"

ஃபெரியில் ஏறி, இந்தக் கரை வந்து இறங்கும்வரைக்கும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் அவளுக்கு உண்மை பேசச் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு அவளுக்கு வராது; 'ஆமா'வுக்கு 'ஓம்' என்று சொன்னால் சிநேகிதிகள் சிரிக்கிறார்களாம். தமிழ் எழுத்தும் வாசிக்க மாட்டாள். அவளுக்குச் சொல்லவேண்டியதைத்தான் அவள் வாசிக்காத எழுத்தில் உங்களுக்கு எழுதுகிறேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

2

நாங்கள் ஆயர் ஈத்தாமில் குடிவந்தது சண்டைக்கு முந்தி. இவருக்குப் பட்டணத்தில் அரசாங்கக் கந்தோரில் கிளார்க் வேலை. வாடகை வீடென்றாலும் நல்ல வளவு. பின்னால் பினாங்கு மலை. பின்னேரமானால் மலைச் சரிவிலிருந்து குளிர்காற்று இறங்கும். இங்கே கோடை, மாரி என்று பிரிவெல்லாம் கிடையாது. டுரியான் பழம் விழுகிற காலமென்றால் ஊரில் கச்சான் காற்று வீசுகிற காலம் என்று நாங்களாகக் கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

வந்த கிழமையே இவர் செய்த முதல் வேலை வேலி அடைத்ததுதான். எங்கள் ஆட்களைத் தெரியாதா? உலகத்தின் எந்த மூலையில் விட்டாலும் முதலில் எல்லையைப் பார்த்து வேலிக்குக் கதியால் நடுவார்கள். தென்னோலை வாங்கி, கிடுகு பின்னி, ஆளுயரத்துக்கு அடைத்துவிட்டார். பக்கத்து வீட்டு ராவுத்தர் அண்ணை தன் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணே, இவ்வளவு உசரமா கட்டுறீங்க? எங்கள பார்க்கப் புடிக்கலையா?"

இவருக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. அன்றைக்கே அந்தப் பக்க வேலியில் ஒரு பொட்டு விட்டார். ஊரில் இரண்டு வீட்டுப் பெண்கள் குனிந்து போய்வர வேலியில் ஓர் ஓட்டை விடுவோமே, அதுதான்.

அந்தப் பொட்டு இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் நின்றிருக்க மாட்டேன். ராவுத்தர் அண்ணை பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர் பெண்சாதி கதீஜா அக்காவுக்கும் எனக்கும் பின்னேரமானால் தோட்டம்தான் உலகம். என் கத்தரிக்காய் அங்கே போகும், அக்காவின் வெற்றிலை இங்கே வரும். நோன்பு மாதத்தில் எங்களுக்கென்று இறைச்சி போடாமல் தனிச் சட்டியில் கஞ்சி காய்ச்சிப் பொட்டால் நீட்டுவார். ஆடிப்பிறப்பன்று நான் கூழ் காய்ச்சினால் முதல் கிண்ணம் அவர்களுக்கு. பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கிண்ணத்தோடே அனுப்புவேன், கரண்டியால் குடித்தால் அது கூழ் இல்லை என்பது என் கட்சி. ராவுத்தர் அண்ணை கடைக்காரர் அல்லவா, ஒரு வாய் குடித்துவிட்டு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தீர்ப்புச் சொல்வார். "இந்த வருஷம் மிளகு கொஞ்சம் தூக்கல், தங்கச்சி." அவர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்.

இவருக்கு லீவு கிடைத்ததும் தங்கை வீட்டுக்குப் பயணம். கட்டுச்சோறு, ஃபெரி, ரயில், பிறகு மாட்டு வண்டி. டுரியான் தின்று தின்று ரஞ்சிக்கு வயிறு பொருமும். அவ்வளவுதான் எங்கள் சந்தோஷம். அதற்கு மேல் நாங்கள் கேட்கவுமில்லை.

3

பிறகு ஜப்பான்காரன் வந்தான். குண்டு விழுந்ததையும் பட்டணம் எரிந்ததையும் நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். நான் சொல்வது அதற்குப் பிறகு வந்த பயத்தை. குண்டுக்கு ஓடி ஒளிக்கலாம். இந்தப் பயத்துக்கு ஒளிக்க இடம் இல்லை, வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

எங்களுக்குப் பின்வீட்டுச் சீனக் குடும்பத்தில் மூத்தவனை ஒரு நாள் கொண்டுபோனார்கள். முகமூடி போட்ட ஒருவன் வரிசையாய் நின்றவர்களைப் பார்த்து விரலை நீட்டினானாம், அவ்வளவுதான். அவன் தாய் அழுத சத்தம் எங்கள் குசினி அடுப்படிவரைக்கும் கேட்கும். முகமூடிக்குள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால், எல்லாருமே அதற்குள் இருக்கலாமென்று ஆகிவிட்டது.

அரிசியைப் பங்கு வைத்தார்கள். முதலில் கொஞ்சம், பிறகு அதிலும் கொஞ்சம். பதுக்கினால் கொண்டுபோவார்கள். போன ஆளைப் பற்றிப் பிறகு கதையே இருக்காது. பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். காலையிலும் மரவள்ளி, மத்தியானமும் மரவள்ளி.

ராவுத்தர் அண்ணையின் கடை அரிசியில்லாமல் மூடியாயிற்று. கொஞ்ச நாளில் பார்த்தால் அவர் மேற்கையில் ஜப்பான்காரன் கட்டிவிட்ட காவல் பட்டி. தெருவுக்குத் தெரு காவல் படை அமைத்திருந்தார்கள்; யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. மாட்டேனென்றும் சொல்ல முடியாது. இது இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. அப்போது எங்கள் கண்ணுக்குப் பட்டி மட்டும்தான் தெரிந்தது.

அந்தக் கிழமை, இவர் இரண்டு கிடுகு எடுத்துக் கொண்டுபோய்ப் பொட்டை அடைத்துவிட்டார்.

"கதீஜா அக்கா என்ன நினைப்பா?" என்றேன்.

"நினைக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறதுக்கு இது காலமில்லை."

மறுநாள் அக்கா அந்தப் பக்கம் வந்து, அடைத்த இடத்துக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றார். கிடுகின் இடுக்கால் அவர் சேலைக் கரை தெரிந்தது. கூப்பிடாமலே திரும்பிப் போனார்.

4

அடுத்த வருஷம் ரஞ்சிக்குக் காய்ச்சல் வந்தது. சின்னப்பிள்ளை அப்போது. காய்ச்சல் விட்டது, ஆனால் வயிறு எதையும் ஏற்கவில்லை. மரவள்ளியை வாயில் வைத்தாலே சத்தி எடுக்கும். கையும் காலும் ஈர்க்காய்ப் போய்விட்டன. "கொஞ்சம் அரிசிக் கஞ்சி குடுத்தால் பிழைக்கும்" என்றார் வைத்தியர். அவருக்கும் தெரியும், அது கிடையாதென்று. நான் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் நேற்றையைவிட இன்றைக்கு இலேசாய் இருப்பதுபோல் இருக்கும். அந்தப் பயத்தை எழுத எனக்குச் சொல் இல்லை.

தங்கையிடம் போவதென்று முடிவு செய்தோம். பழைய விடுமுறைப் பயணம்தான், அதே ஃபெரி, அதே ரயில். இந்த முறை அனுமதிச் சீட்டு வேண்டும். இவர் கந்தோருக்கும் வேறொரு கந்தோருக்குமாய் நடந்தார். இந்தச் சீட்டுக்கு அந்தச் சீட்டு, அந்தச் சீட்டுக்கு முத்திரை, முத்திரைக்காரன் நாளைக்கு வா என்பான். கடைசியில் கிடைத்தது.

தங்கை தன் கூறைச் சேலையைக் கொடுத்துப் பக்கத்து மலாய்க் கிராமத்து ஆட்களிடம் அரிசி வாங்கினாள். "துணிதானே அக்கா, உடுத்துக்கொண்டு எங்கை போகப் போறன்?" என்றாள். அரிசியாய்க் கொண்டுபோனால் பிடிபடுவோமென்று இருவருமாய் இடித்து, வறுத்து, மாவாக்கித் தகரத்தில் போட்டோம். மேலே நாலு விரல் உயரத்துக்கு மரவள்ளி மா. தூரத்தில் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான்.

ஃபெரிக்கு ஏறுகிற இடத்தில் காவல்காரச் சிப்பாய். எல்லாரும் குனிந்து வணங்க வேண்டும். இவர் ஒரு கையில் தகரமும் மற்றக் கையில் பிள்ளையுமாய்க் குனிந்தது அவனுக்குப் போதவில்லை. ஓங்கி ஓர் அறை. கண்ணாடி தெறித்து விழுந்தது. பிறகு தகரத்தைத் திறந்து கையை விட்டான். நான் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேல் மாவோடு கை நின்றுவிட்டது. உதறினான், தன் சட்டையில் பட்டதென்று இன்னும் கோபப்பட்டான், போகச் சொன்னான்.

ஃபெரியில் இவர் கம்பி ஓரத்தில் போய் நின்றார். உடைந்த கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி வந்தார். முந்தின வருஷங்களில் இதே இடத்தில் நின்று பிள்ளைக்கு மீன் காட்டுவார்.

5

அந்த மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கக் கொடுக்க ரஞ்சி எழும்பினாள். முதலில் உட்கார்ந்தாள். பிறகு பசிக்குதென்று அழுதாள். பசிக்குதென்று பிள்ளை அழுததைக் கேட்டு நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அந்தக் கிழமைதான் ஆடிப்பிறப்பு வந்தது. "பிள்ளைக்குக் கொஞ்சம் கூழ் காய்ச்சன்" என்று இவரே சொன்னார். சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் புத்தி மழுங்கிவிட்டது. மரத்துத் தேங்காய் இருந்தது, ஒளித்து வைத்த தென்னங்கட்டி கொஞ்சம் இருந்தது. பயறு இல்லை, பரவாயில்லை. குசினி யன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுக் காய்ச்சினேன். பால் கொதித்து, கட்டி கரைந்து, மிளகும் சீரகமும் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. யன்னலை அடைக்கலாம், வாசத்தை எதால் அடைக்கிறது? கூரை இடுக்காலெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

ராவுத்தர் வீட்டுக்குப் போகிறது அது. ஒவ்வொரு வருஷமும் எங்கள் கூழைக் குடித்த வீடு. அந்த வாசம் என்னவென்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"இஞ்சேருங்கோ," என்றேன், மெல்ல. "இப்ப அவைக்குக் குடுக்கிறதோ, விடுகிறதோ?"

இவர் முகம் வெளிறிவிட்டது. "உனக்கென்ன பைத்தியமே? குடுத்தால் அரிசிமா இருக்கெண்டு தெரிஞ்சுபோம்."

"குடுக்காட்டி ஒளிச்சு வைச்சிருக்கிறமெண்டு தெரிஞ்சுபோம். எந்த வருஷம் குடுக்காமல் விட்டனாங்கள்?"

இருவரும் அடுப்படியில் நின்றோம். கொடுத்தாலும் பிழை, கொடுக்காவிட்டாலும் பிழை. வேறு நாட்டு ஆட்களாயிருந்தால் கதவை அடைத்துக்கொண்டு குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். எங்களுக்கு அயலுக்குக் கொடுக்காமல் ஆடிப்பிறப்பு இல்லை, அதுதான் இப்போது கழுத்தில் கயிறாய் வந்து விழுந்தது.

கடைசியில் நான் கிண்ணத்தை எடுத்தேன். பலாவிலை கோலி வைத்தேன். பொட்டு அடைத்திருந்ததால் வாசல் படலையால் வெளியே போய், தெருவால் சுற்றி, அவர்கள் வாசலுக்குப் போனேன். கதவைத் திறந்தது ராவுத்தர் அண்ணை. கையில் பட்டி. உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் கதீஜா அக்காவின் கால் தெரிந்தது.

அவர் கிண்ணத்தை வாங்கினார். பார்த்தார். மரவள்ளி மாவில் கூழ் செய்தால் பசை மாதிரி வழுவழுவென்று கண்ணாடியாய் இருக்கும், அரிசிமாக் கூழ் அப்படி இருக்காது. சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மனிதருக்கு இது தெரியாமலா? தெருவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

"மரவள்ளி மாவுல செஞ்சதா தங்கச்சி?"

"ஓமண்ணை, மரவள்ளி."

"ம்" என்றார். கதவு மூடிக்கொண்டது. அந்த 'ம்' என்ன 'ம்' என்று இவரும் நானும் விடியும்வரை யோசித்தோம்.

6

மறுநாள் காலையிலேயே வந்தார்கள். தெருவில் ஒவ்வொரு வீடாய்ச் சோதனை. எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டு சிப்பாய்கள், கூட ராவுத்தர் அண்ணை. அவரைக் கண்டதும் இவர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். 'நான் சொன்னேனே' என்றுகூட அதில் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றுதான் இருந்தது.

மரவள்ளிப் பாத்தியைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். அரிசிப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், அதில் பங்கரிசிதான். பிறகு குசினி. தகரம் பரணில் இருந்தது. மேலே போட்ட மரவள்ளி மா முடிந்து பல நாள். சிப்பாய் திறந்து, தகரத்தை அப்படியே ராவுத்தர் அண்ணையின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

அவர் ஒரு சிட்டிகை எடுத்தார். விரலில் உரசினார். நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு, ஏதோ புளித்ததைத் தின்றவர்போல் முகத்தைச் சுளித்து வாசல் பக்கம் துப்பினார்.

"ஊபி காயு" என்றார்.

சிப்பாய் தகரத்தை எறிந்தான். மா தரையெல்லாம் கொட்டியது. போகும்போது வளவில் பழுத்திருந்த இரண்டு பப்பாளியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ராவுத்தர் அண்ணை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் தெருமுனை தாண்டியபிறகு நான் தரையில் இருந்து மாவைக் கையால் கூட்டி அள்ளினேன். மண்ணும் மாவுமாய்த்தான் வந்தது. அரித்து எடுத்து அதையும் பிள்ளைக்குக் கொடுத்தேன்.

7

இதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சந்தோஷமாய் எழுதியிருப்பேன்.

சில கிழமைகள் கழித்து ஒரு மத்தியானம், ராவுத்தர் அண்ணையைச் சந்தையில் வைத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏனென்று யாரும் சொல்லவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்களென்று சிலர். யாரோ வீட்டு அரிசியைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாரென்று சிலர். அந்த 'யாரோ வீடு' எந்த வீடென்று நான் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

அன்றைக்கே இவர் கத்தியை எடுத்துப் போய், தான் அடைத்த பொட்டைத் தானே வெட்டித் திறந்தார். குனிந்து அந்தப் பக்கம் போய், "நான் போய் விசாரிக்கட்டோ அக்கா?" என்று கேட்டார்.

"வேணாம் அண்ணே," என்றார் கதீஜா அக்கா. "கேக்கப் போனவங்களையும் புடிச்சு வெச்சுக்கிறான். உங்களுக்குப் பச்சப்புள்ள இருக்கு."

ராவுத்தர் அண்ணை திரும்பி வரவில்லை. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாய் வந்தார்கள். அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் ஆடிப்பிறப்பில் கூழ் காய்ச்சிவிட்டுக் கிண்ணத்தோடு பொட்டடியில் நின்றேன். போவதா, விடுவதா? அக்காவே வந்தார். கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"மரவள்ளி மாவுல செஞ்சதா தங்கச்சி?"

அதே கேள்வி. அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். நான் "ஓமக்கா, மரவள்ளி" என்றேன். அரிசிதான் என்று சொன்னால், 'அப்போ எங்க வீட்டுக்காரர் பொய் சொன்னது உங்களுக்காகத்தானா' என்று அடுத்த கேள்வி வருமே. அந்தக் கேள்வி வந்தால் நான் எந்த முகத்தோடு அந்த வேலிக்குப் பக்கத்தில் வாழ்வது? அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் கேட்கிறார். ஒவ்வொரு வருஷமும் நான் மரவள்ளி என்கிறேன். அவருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? தெரியாமல் கேட்கிறாரா, என்னைச் சொல்ல வைக்கக் கேட்கிறாரா? ஜப்பான்காரனுக்குப் பயந்தது போய்விட்டது. வருஷத்துக்கு ஒருமுறை, நான் உயிராய் நேசிக்கிற ஒரு பெண்ணுக்குப் பயப்படுகிறேன்.

8

இன்றைக்கு ஆடிப்பிறப்பு. தங்கை தந்த மாவில்தான் கூழ். வழக்கம்போல் யன்னல்களை அடைத்துவிட்டுக் காய்ச்சினேன். "ஐயோ, பானாஸ் லா அம்மா, ஏன் இப்படி மூடி வெச்சிருக்க?" என்று ரஞ்சி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். புகை என்றேன். யன்னலை அடைத்தால் புகை எப்படிப் போகுமென்று கேட்டாள். நான் கிண்ணத்தைக் கையில் கொடுத்துக் கதீஜா அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். எனக்கு இந்த வருஷம் போகத் தைரியம் வரவில்லை. அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை எல்லாவற்றையும் கிளறிவிட்டிருந்தான்.

போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அம்மா, அந்தக் கூழ வாங்கிட்டு அவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? மரவள்ளி மாவான்னு."

"நீ என்ன சொன்னனி?"

"இல்ல மாமி, அரிசி மாவுன்னு சொன்னேன். உண்மைதானே?"

அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. "அதுக்கு அவ என்ன சொன்னா?"

"கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் 'தெரியும்மா'ன்னாங்க." ரஞ்சி ஒரு நிமிஷம் யோசித்தாள். "'எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும்'னாங்க. ஏம்மா, எதுக்கு அழுற?"

அவள் போய் யன்னல்களைத் திறந்துவிட்டாள். பொட்டால் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கத்தில் கதீஜா அக்கா குந்தியிருந்து, கரண்டி எடுக்காமல், பலாவிலையால் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.